அடிக்கட்டையும் கலப்பையும்: தென் அவுஸ்திரேலிய மல்லீ நிலங்களின் வரலாற்றில் ஒரு பொறி

உழவுக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மரக் கலப்பையை இரும்புக் கலப்பை வென்றது. அதனை நீராவிப் பொறி வென்றது. நீராவிப் பொறியை உழவு இயந்திரம் வென்றது என்பதே அவ்வரிசை. ஒரு கருவி குறித்த ஓரிடத்தில், குறித்த ஒரு காலத்தில், குறித்த ஓர் உருவில் தோன்றியது ஏன் என்னும் வினா அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. அவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்குத் தென் அவுஸ்திரேலியா தகுந்ததொரு சான்றினை அளிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டு அரசு மர அடிக்கட்டைகளைப் பிடுங்கும் பொறியொன்றை வேண்டி நின்றது, பரிசும் அறிவித்தது. அப்பொறி கிடைக்கவில்லை. கிடைத்தது, கட்டையைப் பிடுங்காமலே அதன்மேல் ஏறிச் சென்று உழும் கலப்பையொன்று. வேண்டியது ஒன்றாகவும் வாய்த்தது வேறொன்றாகவும் ஆன காரணத்தையும், அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிக்கட்டை என்பது எல்லா உழவர்க்கும் பகையன்று. காட்டை வெட்டி எரித்துச் சாம்பலிலே விதைக்கும் பயிர்ச்செய்கை முறைகளில் கட்டைகள் நிலத்திலேயே விடப்படுகின்றன. மண்வெட்டி கொண்டோ கூரிய கோல் கொண்டோ கட்டைகளுக்கிடையில் விதைப்பதற்குத் தடையேதுமில்லை. இலங்கையின் வரண்ட வலயத்துச் சேனைகளில் இன்றும் இதனைக் காணலாம். சில ஆண்டுகளின் பின் நிலம் மீண்டும் காடாவதற்கு விடப்படும்போது அக்கட்டைகளிலிருந்தே புதுத் தளிர்கள் எழுகின்றன. ஆகவே அம்முறையில் கட்டை தடையாக மட்டுமன்றி நிலத்தின் சேமிப்பாகவும் அமைகின்றது. ஆனால் நேரான சாலை வேண்டி நிற்கும் கலப்பை வயலுக்குள் நுழைந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. கொழு கட்டையில் மோதுகின்றது. கொழு முறிகின்றது, அல்லது ஏர்க்கால் பிளக்கின்றது. இழுக்கும் விலங்கு காயமுறுகின்றது. கட்டையைப் பகையாக்கியது காடன்று, கலப்பையே எனலாம்.

இப்பகையை வெல்லுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பலவகைப் பொறிகள் ஆக்கப்பட்டன. வட அமெரிக்காவில் குதிரையைக் கொண்டு இயக்கும் சுழல்தூண் பொறிகள் பெருவழக்காயின. நிலத்தில் உறுதியாக நிறுத்தப்பட்ட தூணொன்றைச் சுற்றிக் குதிரை நடக்க, தடித்த கம்பிவடம் தூணிற் சுற்றிக்கொண்டு, மறுமுனையிற் பிணைக்கப்பட்ட கட்டையை வேரோடு இழுக்கும். கப்பிகளைச் சேர்ப்பதனால் ஒரு குதிரையின் வலு பன்மடங்காகப் பெருகும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மரவணிகர் வெட்டிச் சென்ற ஊசியிலைக் காடுகளின் கட்டைகளை அகற்றுவதற்கு இத்தகைய பொறிகளும் வெடிமருந்தும் பயன்பட்டன. இவற்றின் செய்முறையை உழவர்க்குக் காட்டுவதற்காக 1916ஆம் ஆண்டில் அம்மாநிலப் பல்கலைக்கழகம் புகையிரதங்களிற் கருவிகளை ஏற்றி ஊர்தோறும் அனுப்பியது. இங்கு ஒரு செய்தி நோக்கற்பாலது. ஊசியிலை மரம் ஒற்றைத் தண்டு உடையது, வெட்டப்பட்டபின் மீண்டும் தளிர்ப்பதில்லை, காலப்போக்கில் உக்குவது. ஒருமுறை பிடுங்கினால் வேலை முடிந்துவிடும். எல்லா நிலங்களிலும் மரங்கள் இவ்வாறு அமைவதில்லை.

தென் அவுஸ்திரேலியா 1836ஆம் ஆண்டில் பிரித்தானியக் குடியேற்றமாக நிறுவப்பட்டது. ஏனைய அவுஸ்திரேலியக் குடியேற்றங்கள் பலவற்றைப்போல் அது நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பின் மீது கட்டப்பட்டதன்று. எட்வேட் கிப்பன் வேக்பீல்ட் என்பாரின் கோட்பாடே அதற்கு அடிப்படையாயிற்று. நிலத்தைப் போதிய விலைக்கு விற்றல் வேண்டும். அவ்வருவாயைக் கொண்டு தொழிலாளரை அழைத்துவரல் வேண்டும். நிலவிலை உயர்வாக இருப்பதனால் அவர்கள் சில காலம் கூலியாட்களாக உழைத்த பின்னரே நிலவுடைமையாளராதல் இயலும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். ஆயினும் நடைமுறையில் நிலம் விரிந்து கிடந்தது. கைகள் குறைவாகவே இருந்தன. கூலி உயர்ந்தே நின்றது. கூலியைச் சிக்கனப்படுத்தும் கருவிகளின் மீது அக்குடியேற்றத்தார் காட்டிய ஆர்வத்துக்கு இதுவே காரணம். 1843ஆம் ஆண்டில் ஜோன் றிட்லி ஆக்கிய கதிர் கொய்யும் பொறி இவ்வார்வத்தின் முதற் பெரும் பயனாகும்.

கோதுமைச் செய்கை கடற்கரையை அண்டிய திறந்த வெளிகளைக் கடந்து உள்நோக்கிப் பரவியபோது மல்லீக் காடு அதனை எதிர்கொண்டது. மல்லீ என்பது யூக்கலிப்டசு இனத்தைச் சார்ந்த சில மரங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். அவுஸ்திரேலியத் தொல்குடியினரின் மொழியிலிருந்து பெறப்பட்டது. இம்மரம் ஒற்றைத் தண்டாக ஓங்கி வளர்வதில்லை. நிலமட்டத்தின் கீழே கிழங்குபோற் பருத்த கடினமான மரக்கட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து பல தண்டுகள் ஒருங்கே எழும். அக்கட்டியிலே உணவுச் சேமிப்பும் உறங்கும் அரும்புகளும் உள்ளன. காட்டுத்தீ மேற்றண்டுகளை எரித்துவிட்டால் சில கிழமைகளிலேயே அரும்புகள் விழித்துத் தளிர்விடும். தீயினாலும் வரட்சியினாலும் நெடுங்காலம் பண்படுத்தப்பட்ட நிலத்தில் உயிர் வாழ்வதற்கு இம்மரம் கண்ட வழி அது. கோடரியால் வெட்டினும் நெருப்பிட்டு எரிப்பினும் அதனைக் கொல்ல முடியாமைக்கு இதுவே காரணம். மண்ணைத் தோண்டிக் கட்டியை முழுவதாக எடுத்தாலன்றி மல்லீ மாளாது.

அவ்வாறு தோண்டியெடுக்கும் செலவே சிக்கலின் மையம். 1866ஆம் ஆண்டின் புதர்நிலச் சட்டம் ஒரு சதுர மைல் வரையிலான மல்லீ நிலத்தை 21 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஏக்கர் ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் வாங்கிக்கொள்ளும் உரிமையையும் வழங்கியது. 1869ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட ஸ்ட்றாங்வேஸ் சட்டம் 640 ஏக்கர் வரையிலான நிலத்தைக் கடனுக்குப் பெறும் வாய்ப்பைத் திறந்தது. சிறு முதலுடைய குடும்பங்கள் நிலம் பெற்றன. ஆனால் கட்டைகளைக் கையாற் தோண்டி அகற்றுவதற்கு, மரங்களின் செறிவைப் பொறுத்து, ஏக்கருக்கு 2 முதல் 7 பவுண் வரை செலவாகும் என மதிப்பிடப்பட்டது. அஃதாவது நிலத்தைத் துப்புரவாக்கும் செலவு நிலத்தின் விலையைவிட இரண்டு முதல் ஏழு மடங்கு. சட்டம் நிலத்தைக் கொடுத்தது. உழக்கூடிய நிலத்தைக் கொடுக்கவில்லை. கடன் தவணையோ மழையையும் கட்டையையும் பாராது வந்துகொண்டேயிருந்தது.

இந்நெருக்கடியில் உழவர் முதலிற் கண்ட வழி கட்டையோடு வாழப் பழகுவதாகும். அடிலெயிட்டுக்கு வடக்கேயுள்ள வாஸ்லீஸ் என்னும் ஊரைச் சார்ந்த சாள்ஸ் மலன் என்பாரின் பெயரால் 'மலன் முறை' என அழைக்கப்பட்ட செய்கை அவ்வழியைச் சார்ந்தது. பாரமான உருளையொன்றை எருதுகளாலோ குதிரைகளாலோ இழுத்து மல்லீத் தண்டுகளை நெரித்து வீழ்த்துவர். கோடையிற் காய்ந்தபின் தீயிடுவர். சாம்பல் படிந்த மண்ணை முள்ளாணிகள் பொருத்திய கனத்த மரத்தினால் கீறிக் கோதுமையை விதைப்பர். அறுவடைக்குப்பின் தாளினை எரிக்கும்போது கட்டைகளிலிருந்து எழுந்த தளிர்களும் கருகிவிடும். ஆண்டுதோறும் இவ்வாறு தளிரைக் கருக்கினால் கட்டையிலுள்ள சேமிப்பு மெல்ல மெல்லத் தீர்ந்து அது உயிரிழக்கும். செலவு மிகக் குறைந்த இம்முறையில் ஒரே குறை உண்டு: மண் ஆழமாகப் பண்படவில்லை. கலப்பையோ கட்டையுள்ள நிலத்தில் நுழைய முடியாதிருந்தது.

1870களில் அரசு தலையிட்டது. மல்லீக் கட்டைகளைச் சிக்கனமாகப் பிடுங்கவல்ல பொறியொன்றை ஆக்குபவர்க்கு 200 பவுண் பரிசளிப்பதாக அறிவிக்கப்பட்டது. பொறிகள் பல சோதனைக்குக் கொண்டுவரப்பட்டன. எதுவும் தகுதியானதெனக் கொள்ளப்படவில்லை. இத்தோல்வியை ஆக்கியோரின் திறமைக் குறைவாக மட்டும் கருதுதல் பொருந்தாது. பிடுங்கும் பொறி எத்துணை வலிமையுடையதாயினும் ஒரு நேரத்தில் ஒரு கட்டையையே கையாளும். ஒவ்வொன்றுக்கும் வடம் பிணைக்கவேண்டும், இழுக்கவேண்டும், பின்னர் பொறியை நகர்த்தவேண்டும். செறிந்து வளரும் மல்லீயில் இவ்வேலை முடிவற்றது. தவிரவும், பிடுங்கும் பொறி செலவைக் கையிலிருந்து இரும்புக்கு மாற்றுகின்றதேயன்றி அதனை ஒழிப்பதில்லை. கடனிலே நிலம் வாங்கிய உழவனுக்கு அவ்விரும்பை வாங்கும் ஆற்றலும் இருந்ததில்லை. அரசு எழுப்பிய வினாவே பிழையாக அமைந்திருந்தது. 'கட்டையை எவ்வாறு அகற்றுவது?' என்று அரசு கேட்டது. 'கட்டை இருக்கும்போதே எவ்வாறு உழுவது?' என்பதே உழவனின் வினா.

இரண்டாவது வினாவுக்கு விடை யோர்க் குடாநாட்டிலிருந்து வந்தது. மல்லீத் தொல்லை மிகுந்திருந்த அக்குடாநாட்டிலே கல்கபரி என்னும் இடத்தில் நிலம் செய்தவர் றிச்சட் போயர் ஸ்மித் (1837-1919). உழுதுகொண்டிருக்கையில் கலப்பையின் திருகாணி ஒன்று முறிந்ததாகவும், பிணைப்பிழந்த கொழு கட்டையில் மோதி முறியாது அதன்மேல் ஏறி மறுபுறம் இறங்கியதாகவும், அதனைக் கண்டே அவர்க்கு இக்கருத்துத் தோன்றியதாகவும் கூறப்படுகின்றது. இவ்வாறான கதைகள் கண்டுபிடிப்புகள் பலவற்றோடு சேர்ந்தே வழங்குவதால் இதனை எச்சரிக்கையோடு கொள்ளுதல் நன்று. அக்காலத்தில் மல்லீ நிலமெங்கும் ஆணிகள் முறிந்துகொண்டுதான் இருந்தன. முறிவைக் குறையாகக் காணாது வழியாகக் கண்டமையே ஸ்மித்தின் சிறப்பு. 1876ஆம் ஆண்டில் மூன்று கொழுக்களையுடைய கலப்பையை அவர் ஆக்கினார். 'விக்சன்' எனப் பெயரிடப்பட்ட அது அவ்வாண்டிலேயே மூன்ற்றா நகரின் வேளாண்மைக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது.

இக்கலப்பையின் அமைப்பு எளியது. சாதாரணக் கலப்பையிற் கொழுவும் சட்டமும் அசையாது பிணைக்கப்பட்டிருக்கும். ஸ்மித்தின் கலப்பையில் ஒவ்வொரு கொழுவையும் தாங்கும் தண்டு முன்புறத்திற் பிணைச்சல் ஒன்றினாற் சட்டத்தோடு தனித்தனியே இணைக்கப்பட்டிருந்தது. கட்டையோ கல்லோ எதிர்ப்பட்டால் அக்கொழு மட்டும் மேலெழுந்து தடையைத் தாண்டும். ஏனைய கொழுக்கள் தம் வேலையைத் தொடரும். தடை கடந்ததும், தண்டோடு பொருத்தப்பட்ட பாரம் கொழுவை மீண்டும் மண்ணுக்குள் அழுத்திவிடும். கொழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியிறங்க, அக்கலப்பை புயலிற் சிக்கிய கப்பல்போல் ஆடிச் சென்றதென அதனைக் கண்டோர் வருணித்தனர். நேரான சாலும் அழகிய வரப்புமே நல்லுழவின் இலக்கணமென எண்ணியிருந்தோர்க்கு இது அலங்கோலமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் கட்டையைச் சூழ்ந்த மண் உழப்பட்டது, கருவி முறியவில்லை, கோதுமை விளைந்தது.

கண்டுபிடிப்பின் பயனைக் கண்டுபிடித்தவரே நுகர்வர் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. ஸ்மித் 1877ஆம் ஆண்டில் ஆக்கவுரிமையைப் பதிவு செய்தார். கட்டணம் செலுத்தப்படாமையால் அது காலாவதியாயிற்று. அதனால் வேறு பல கருவித்தொழிலாளரும் இதே அமைப்பில் கலப்பைகளைச் செய்யலாயினர். சிலர் கண்டுபிடிப்பைத் தமதெனவும் வாதிட்டனர். றிச்சட்டின் இளைய சகோதரரான கிளாரன்ஸ் ஹேபேட் ஸ்மித் (1855-1901) கலப்பையைத் திருத்தியமைத்து, 1880ஆம் ஆண்டு முதல் ஆட்றோசன் என்னும் கரையோர ஊரிற் தொழிற்சாலை நிறுவிப் பெருமளவில் உற்பத்தி செய்தார். 1882ஆம் ஆண்டில் குடியேற்றத்தின் பாராளுமன்றம் றிச்சட் ஸ்மித்தைக் கண்டுபிடித்தவராக ஏற்று 500 பவுண் வழங்கியது. பிடுங்கும் பொறிக்கென ஒதுக்கிய தொகையினும் இரண்டரை மடங்கினைப் பிடுங்காத கலப்பைக்கு அரசு வழங்க நேர்ந்தமை இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்று. உரிமை காலாவதியானது ஒருவர்க்கு இழப்பாயினும் ஊர்க்கு ஆதாயமாயிற்று. ஊர்க் கொல்லரும் செய்யக்கூடிய எளிய அமைப்பும், செய்வதைத் தடுக்கும் சட்டமின்மையும் கலப்பையை விரைந்து பரப்பின.

கலப்பை மட்டுமே நாட்டை மாற்றிவிட்டது என்று கூறுதல் மிகையாகும். 1880களிலும் 1890களிலும் றோஸ்வேதி வேளாண்மைக் கல்லூரியார் பரப்பிய சுப்பர்பொசுபேற்று உரமும், புகையிரதப் பாதைகளும், துறைமுகங்களும் அதனோடு சேர்ந்தே இயங்கின. எனினும் மல்லீ நிலத்திற் குறைந்த முதலோடு முதலாண்டிலேயே விதைத்துக் கடனை அடைக்கத் தொடங்கும் வாய்ப்பினைத் தந்தது இக்கலப்பையே. கட்டைகளை அகற்றும் வேலை ஒரே வருடத்தின் பெருஞ்செலவாக இராது, பல வருடங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஒவ்வோர் உழவிலும் சில வேர்கள் தளர்ந்து மேல்வந்தன. உழவர் குடும்பத்தின் பெண்களும் சிறுவரும் அவற்றைப் பொறுக்கிக் குவித்தனர். மல்லீ வேர் நின்றெரியும் சிறந்த விறகாதலின் அடிலெயிட், மெல்பேண் நகரங்களின் அடுப்புகளுக்கு அது விலைப்பொருளாகச் சென்றது. பொறியின் வரலாறு பேசுவோர் பெரும்பாலும் குறிப்பிடாத இவ்வுழைப்பே உண்மையில் கட்டைகளைப் பிடுங்கிய 'பொறி' எனல் தகும்.

இனி இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். யோர்க் குடாநாடு குடியேறியோர் வந்தபோது வெறுநிலமாகக் கிடக்கவில்லை. நருங்கா மக்களின் தாயகம் அது. நிலம் அளக்கப்பட்டு விற்கப்பட்டபோது அவர்களிடம் விலை பேசப்படவில்லை. நோயினாலும் நிலப்பறிப்பினாலும் அவர்கள் தொகை குன்றியது. 1868ஆம் ஆண்டில் பொயின்ற் பியர்ஸ் என்னுமிடத்தில் நிறுவப்பட்ட கிறித்தவ மிசன் நிலையத்தில் எஞ்சியோர் பலர் ஒதுங்கி வாழ நேர்ந்தது. புதர்நிலச் சட்டமும் கடன் சட்டமும் சிறு உழவர்க்கு நீதி வழங்கிய சட்டங்கள் என எழுதும் வரலாறு, அந்நிலம் யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும் உடன் எழுதக் கடமைப்பட்டுள்ளது.

நிலமும் தன் கணக்கை வைத்திருந்தது. மல்லீயின் ஆழமான வேர்கள் பெய்யும் மழையிற் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவன. கோதுமையின் வேரோ ஆழம் செல்லாது. எஞ்சிய நீர் கீழிறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்த, மண்ணிற் புதைந்திருந்த உப்பு மேலெழுந்து வயல்களையும் மறே ஆற்றையும் தாக்கியது. கட்டையும் வேரும் பிடித்துவைத்திருந்த மணற்பாங்கான மேல்மண், வரட்சியிற் காற்றோடு சென்றது. 1983ஆம் ஆண்டு பெப்ருவரியில் மெல்பேண் நகரைப் பட்டப்பகலில் இருளாக்கிய தூசிப்புயலிற் பறந்தது விக்ரோறியாவின் மல்லீப் பிரதேசத்து மண்ணும்தான். அவ்வாண்டிலேயே தென் அவுஸ்திரேலியா இயற்கைத் தாவரங்களை அழிப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 1991ஆம் ஆண்டின் இயற்கைத் தாவரச் சட்டம் அவற்றை மேலும் இறுக்கியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் மல்லீயை அழிப்போர்க்குப் பரிசு அறிவித்த அரசு, எஞ்சிய மல்லீயை அழிப்போர்க்குத் தண்டம் விதிக்கலாயிற்று.

இவ்வரலாற்றின் படிப்பினையை இன்னொரு கண்டத்தின் நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது. இரண்டாம் உலகப் போரின்பின் பிரித்தானியாவில் எண்ணெய், கொழுப்புத் தட்டுப்பாடு நிலவியது. அதனைத் தீர்ப்பதற்காக 1947ஆம் ஆண்டில் தங்கனீக்காவில் நிலக்கடலைத் திட்டம் தொடங்கப்பட்டது. உணவு அமைச்சர் ஜோன் ஸ்ட்றேச்சியின் பொறுப்பில் இருந்த இத்திட்டம் கிழக்கு, மத்திய ஆபிரிக்காவில் முப்பது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட புதர்நிலத்தைப் பயிர்நிலமாக்க எண்ணியது. கொங்வா என்னுமிடத்திற் புல்டோசர்களும், போரில் எஞ்சிய உழவு இயந்திரங்களும், செர்மன் தாங்கிகளிலிருந்து மாற்றியமைக்கப்பட்ட வண்டிகளும் இறக்கப்பட்டன. இரு இயந்திரங்களுக்கிடையே கனத்த சங்கிலியைப் பிணைத்து மரங்களை வீழ்த்தினர். மரம் வீழ்ந்தது, வேர் மண்ணிலே நின்றது. வேரைக் கிளறிய கருவிகள் முறிந்தன. மழை பொய்க்க, களிமண் கல்லாய் இறுகிற்று. அந்நிலத்தின் மழையையும் மண்ணையும் தலைமுறைகளாக அறிந்திருந்த கோகோ மக்களிடம் எவரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. 1951ஆம் ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டபோது 3 கோடியே 60 இலட்சம் பவுண் வரவில்லாச் செலவாகத் தள்ளப்பட்டது.

யோர்க் குடாநாட்டில் 200 பவுண் பரிசினால் ஆகாதது, கொங்வாவிற் கோடிக்கணக்கான பவுணாலும் ஆகவில்லை. இரு இடங்களிலும் வேரை வெல்ல எண்ணியது ஆட்சிபீடம். இடைவெளி யாதெனின், முன்னதில் நிலத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டிய உழவன் ஒருவனுக்குத் தன் வினாவைத் தானே எழுப்பிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. தவறினால் நட்டம் அவனது, வென்றால் விளைச்சல் அவனது. பின்னதில் வினாவும் விடையும் இலண்டனிலே எழுதப்பட்டன. நிலத்தில் நின்றவன் கூலியாளாகவே நின்றான். கருவியின் வெற்றியை நிர்ணயிப்பது அதன் வலிமையன்று. அதனை ஆக்குபவனுக்கும் பயன்படுத்துபவனுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உறவே என்பது இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குவார்க்குப் புலனாகும்.

அதே வேளையில் ஸ்மித்தின் கலப்பையை மாசற்ற வெற்றியாகப் போற்றுதலும் இயலாது. உழவனுக்கு நன்கு பொருந்திய கருவி நிலத்துக்கும் பொருந்தியதாக அமையவேண்டும் என்னும் நியதியில்லை. குறைந்த செலவில் காட்டை வயலாக்க முடிந்தமையாலேயே வயலாகக் கூடாத நிலமும் வயலாயிற்று. பிடுங்கும் பொறியின் பெருஞ்செலவு ஒருவகையிற் காட்டுக்குக் காவலாக இருந்தது. தாண்டும் கலப்பையின் எளிமை அக்காவலை நீக்கிற்று. புதிய நிலங்களைத் திறக்கத் திட்டமிடுவோர் எந்நாட்டினராயினும், 'எந்தப் பொறி இதனை விரைந்து செய்யும்?' என்று கேட்பதற்கு முன் வேறு மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்: இந்நிலம் யாருடையது? இதில் உழைப்போர் யாவர்? நாம் பிடுங்க விரும்பும் வேர் இதுவரை எதனைப் பிடித்து வைத்திருந்தது?